பழைய பெட்ரோல் டிராக்டருக்கு இக்னிஷன் காயில்: பெட்டியைப் படிக்காமல் ஓமை அளந்து வாங்குவது

வேலூர், இராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கத்து வயல்களில் இன்று உழுதுகொண்டிருக்கும் டிராக்டர்களில் ஏறத்தாழ எல்லாமே டீசல் வண்டிகள்தாம். டீசல் இன்ஜினில் காற்றை அழுத்தும்போது எழும் வெப்பமே எரிபொருளைப் பற்றவைத்துவிடுவதால் அதற்குப் பொறியை உண்டாக்கும் காயிலும் வேண்டாம், அந்தப் பொறியை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பகிர்ந்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரும் வேண்டாம். டாஃபே நிறுவனம் 1960இல் தொடங்கி, மாஸி ஃபெர்குசன் வண்டிகளை நம் ஊரிலேயே செய்யத் தொடங்கிய பிறகு பரவியவை டீசல் டிராக்டர்களே. ஆகவே, வீட்டில் நிற்கும் "பழைய மாஸி"க்குக் காயில் வாங்கலாம் என்று கிளம்புவதற்கு முன், இன்ஜின் பக்கவாட்டில் ஸ்பார்க் பிளக் இருக்கிறதா, இன்ஜெக்டரும் அதற்கான இரும்புக் குழாய்களும் இருக்கின்றனவா என்று ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. வேடிக்கைக்காகச் சொல்லவில்லை, டீசல் வண்டியின் ஹீட்டர் சுவிட்சைக் காட்டி, இதற்குக் காயில் எங்கே என்று கேட்டவரை நானே பார்த்திருக்கிறேன்.

இந்தக் குறிப்பு அதற்கு முந்தைய தலைமுறை வண்டிகளுக்கானது. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் காவன்ட்ரியில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட ஃபெர்குசன் டி.இ.20 வரிசையில் பெட்ரோல் வண்டியும், பெட்ரோலில் கிளப்பிவிட்டுச் சூடேறியதும் மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கு மாற்றி ஓட்டும் வண்டியும் உண்டு. அமெரிக்காவின் ஃபோர்டு 8என் போன்றவையும் பெட்ரோல் வண்டிகளே. பாட்டன் காலத்துக் கொட்டகையிலிருந்து இப்படி ஒன்றை வெளியே இழுத்து ஓட்ட நினைப்பவர், பெரும்பாலும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடிக் காயிலுக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் பாயிண்டைக் கழற்றிவிட்டு, அதே வேலையைச் செய்யும் எலக்ட்ரானிக் மாட்யூல் மாட்டவும், 6 வோல்ட் வண்டியாக இருந்தால் 12 வோல்ட்டுக்கு மாற்றவும் விரும்புவார். இரண்டுமே நல்ல மாற்றங்கள். ஆனால் இரண்டிலுமே காயில் சரியாகப் பொருந்தாவிட்டால் மாற்றிய பொருள்தான் முதலில் கருகும்.

என் முதல் முயற்சியில் அதுதான் நடந்தது. ஒடுகத்தூர்ப் பக்கத்தில் எங்கள் பெரியப்பா நிலத்தில் நின்ற வண்டிக்கு, 45,000 வோல்ட் என்று பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருந்த ஒரு காயிலை வாங்கிப் பூட்டினேன். பொறி நீலமாக, சத்தத்தோடு அடித்தது. வண்டியும் தொட்டவுடன் கிளம்பியது. இரண்டு மணி நேர உழவில் மாட்யூல் செத்துப்போனது. பிறகு அளந்து பார்த்தபோது அந்தக் காயிலின் முதல்நிலைச் சுற்றின் மின்தடை 0.7 ஓம். கடைக்காரர் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் கேட்ட கேள்விதான் தவறு. "நல்ல பவர் உள்ள காயில் இருக்கா?" என்று கேட்டேன், எடுத்துக் கொடுத்தார்.

கேட்டிருக்க வேண்டியது இத்தனை ஓம் என்பதை. ஏன் என்று புரிந்துகொள்ள, காயிலுக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். உள்ளே இரும்புத் தகட்டு மையத்தைச் சுற்றி இரண்டு கம்பிச் சுற்றுகள் உள்ளன. தடித்த கம்பியால் சில நூறு சுற்றுகள் கொண்டது முதல்நிலை; மயிர்போன்ற கம்பியால் பல்லாயிரம் சுற்றுகள் கொண்டது இரண்டாம்நிலை. பாயிண்ட் மூடியிருக்கும் நேரத்தில் முதல்நிலைச் சுற்றில் மின்னோட்டம் ஏறி, காந்தப் புலம் நிரம்புகிறது. பாயிண்ட் திறந்ததும் அந்தப் புலம் சட்டென்று சரிவதால் இரண்டாம்நிலையில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழுந்து, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டார் வழியாகப் பிளக்குக்குப் போகிறது. பொறியின் வலு, பாயிண்ட் திறக்கும் அந்தக் கணத்தில் முதல்நிலையில் எத்தனை ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது என்பதைப் பொறுத்தது. அந்த ஆம்பியரை முடிவு செய்வது வோல்ட்டும் ஓமும்: 12 வோல்ட்டை 3 ஓமால் வகுத்தால் 4 ஆம்பியர், 1.5 ஓமால் வகுத்தால் 8 ஆம்பியர். பாயிண்டின் முகம் கருகாமல் நீண்ட நாள் தாங்கக்கூடியது ஏறக்குறைய 4 ஆம்பியர்தான். பழைய 6 வோல்ட் வண்டிகளில் 1.5 ஓம் காயிலும், 12 வோல்ட் வண்டிகளில் 3 ஓம் காயிலும் இருந்ததன் கணக்கு இதுவே. இரண்டிலும் விடை 4 ஆம்பியர்.

ஓடும் வண்டியில் சார்ஜிங் வோல்ட்டேஜ் 14 வரை ஏறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போது 3 ஓம் காயிலில் சுமார் 4.7 ஆம்பியர், 1.5 ஓம் காயிலில் 9 ஆம்பியருக்கு மேல்.

இனி, டிராக்டருக்கே உரிய ஒரு விஷயம். நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடும்போது நொடிக்குச் சுமார் 67 பொறிகள் வேண்டும். ஒரு பொறிக்கும் அடுத்த பொறிக்கும் இடையே 15 மில்லி விநாடி கிடைக்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு நேரம் பாயிண்ட் மூடியிருக்கும் என்று வைத்தால், காயில் நிரம்புவதற்கு 10 மில்லி விநாடி உண்டு. சாதாரண 3 ஓம் காயில் அதற்குள் கிட்டத்தட்ட முழு மின்னோட்டத்தை எட்டிவிடும். நிமிடத்துக்கு ஆறாயிரம், ஏழாயிரம் சுற்று ஓடும் கார் இன்ஜினில் இந்த நேரம் மூன்று மில்லி விநாடி அளவுக்குச் சுருங்கிவிடுவதால்தான், வேகமாக நிரம்பும் குறைந்த ஓம் காயில்கள் அங்கே தேவைப்படுகின்றன. நம் டிராக்டரில் நிலைமை நேர் எதிர். 500 சுற்றில் சும்மா நின்று ஓடும்போது பாயிண்ட் 40 மில்லி விநாடி மூடியிருக்கிறது. காயில் எப்போதோ நிரம்பிவிட்டது, மீதி நேரமெல்லாம் வெறும் சூடுதான். 3 ஓம் காயில் 14 வோல்ட்டில் சராசரியாக 43 வாட் அளவுக்குச் சூடாகிறது. வீட்டில் வைத்திருக்கும் சிறிய சால்டரிங் அயர்னை விட அதிகம். 1.5 ஓம் காயிலை நேரடியாக இணைத்தால் அது இரட்டிப்பாகிவிடும். அதோடு, இந்தப் பழைய இன்ஜின்களின் அழுத்த விகிதம் ஆறுக்கு ஒன்று என்ற அளவிலோ அதற்கும் கீழேயோதான் இருக்கும். அவ்வளவு குறைந்த அழுத்தத்தில் பிளக் இடைவெளியைத் தாண்டப் பொறிக்கு அதிக வோல்ட் தேவைப்படுவதில்லை. இடைவெளியைத் தாண்டியவுடன் வோல்ட்டேஜ் அதற்கு மேல் ஏறுவதும் இல்லை. ஆகவே பெட்டியில் உள்ள 45,000 என்ற எண் உங்கள் பிளக்கை ஒருபோதும் எட்டப்போவதில்லை.

எந்த வண்டிக்கு எத்தனை ஓம்

6 வோல்ட்டிலேயே, பாயிண்டோடு ஓட்டப் போகிறீர்கள் என்றால் 1.5 ஓம் அளவிலான 6 வோல்ட் காயிலே வேண்டும். 12 வோல்ட் காயிலை மாட்டினால் 2 ஆம்பியர்தான் ஓடும். காலையில் கிளம்பினாலும் பாரம் ஏறும்போது விட்டு விட்டு அடிக்கும்.

12 வோல்ட், பாயிண்ட் என்றால் 3 ஓம் காயில் போதும். வேறு எதுவும் தேவையில்லை. 1.5 ஓம் காயிலோடு, மின்னோட்டத்தைக் குறைக்கும் 1.5 ஓம் பேலஸ்ட் ரெசிஸ்டரைத் தொடராக இணைக்கும் முறையும் உண்டு. ஸ்டார்ட்டர் இழுக்கும்போது பேட்டரி 9, 10 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். அந்த நேரத்தில் மட்டும் ரெசிஸ்டரைத் தாண்டிக் காயிலுக்கு நேராக மின்சாரம் கொடுத்தால் குளிரிலும் பொறி வலுவாக இருக்கும். பனி விழும் நாடுகளுக்கு இது நல்ல ஏற்பாடு. மார்கழியிலும் விடியற்காலையில் ஒரு துண்டு போர்த்தினால் போதும் என்றிருக்கும் நம் ஊருக்கு இது கூடுதல் வேலை. கூடுதலாக நான்கு இணைப்புகள், ஒவ்வொன்றும் துருப்பிடிக்கக் காத்திருக்கும். நான் ரெசிஸ்டர் இல்லாத 3 ஓம் காயிலையே பரிந்துரைப்பேன்.

6 வோல்ட்டிலிருந்து 12க்கு மாற்றும்போது பழைய காயிலைக் கழற்ற மனமில்லாதவர்கள் அதனோடு 1.5 ஓம் ரெசிஸ்டரைச் சேர்த்து ஓட்டலாம். கணக்கு சரியாக வரும். ஃபோர்டு 8என் வண்டியின் முற்பகுதித் தயாரிப்புகளில் டிஸ்ட்ரிபியூட்டர் இன்ஜினின் முன்பக்கத்தில் இருக்கும். காயில் சதுர வடிவில் அதன் தலையிலேயே உட்காரும். அதற்கு உருளைக் காயில் பொருந்தாது என்பதால் அங்கே ரெசிஸ்டர் வழி உதவும். மற்ற வண்டிகளில், ஐம்பது வருடப் பழைய காயிலைக் காப்பாற்ற இத்தனை பாடுபடத் தேவையில்லை.

எலக்ட்ரானிக் மாட்யூல் மாட்டுபவர்கள்தாம் மிகவும் கவனிக்க வேண்டியவர்கள். பாயிண்ட் இருந்த இடத்தில் உட்காரும் சாதாரண காந்த உணரி மாட்யூல், பாயிண்டைப் போலவே சுற்றின் ஒரு குறிப்பிட்ட பங்கு நேரம் காயிலை இணைத்துவைக்கிறது. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் அறிவு அதற்கு இல்லை. இவ்வகை மாட்யூலுக்கு நான்கு சிலிண்டர் வண்டியில் 3 ஓமுக்குக் குறையாத காயில் வேண்டும். எட்டு சிலிண்டர் வண்டியில் ஒவ்வொரு பொறிக்கும் கிடைக்கும் நேரம் பாதி என்பதால் அங்கே 1.5 ஓம் தாங்கும்; அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு நம் வண்டிக்கும் பொருந்தும் என்று நினைத்துவிடக் கூடாது. மின்னோட்டத்தைத் தானே அளவோடு நிறுத்தும் உயர்வகை மாட்யூல்களும் இருக்கின்றன. அவற்றுக்கு ஒரு ஓமுக்கும் குறைந்த காயிலைச் செய்தவர்களே குறிப்பிட்டிருப்பார்கள். மாட்யூலோடு வரும் தாளில் "குறைந்தபட்சக் காயில் மின்தடை" என்று ஓர் எண் இருக்கும். முதலில் மாட்யூலை முடிவு செய்து, அந்த எண்ணை எழுதிக்கொண்டு பிறகு காயில் வாங்கப் போவதே சரியான வரிசை. பேலஸ்ட் ரெசிஸ்டர் இருந்தால், மாட்யூலின் சிவப்பு ஒயரை ரெசிஸ்டருக்கு முன்னால், முழு 12 வோல்ட் கிடைக்கும் இடத்தில் இணைக்க வேண்டும்; காயில் மட்டும் ரெசிஸ்டருக்குப் பின்னால் இருக்கலாம்.

கடையில் அளப்பது

கடைக்குப் போகும்போது மல்டிமீட்டரை எடுத்துப்போவதில் கூச்சம் வேண்டாம். மீட்டரை 200 ஓமில் வைத்து, முதலில் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட வையுங்கள். சாதாரண மீட்டர் 0.3, 0.5 என்று எதையாவது காட்டும். அது மீட்டர் ஒயரின் தடை. 1.5 ஓம் காயிலை அளக்கும்போது இந்த 0.5ஐக் கழிக்க மறந்தால் மூன்றில் ஒரு பங்கு பிழை வந்துவிடும். பிறகு காயிலின் இரண்டு சிறு முனைகளுக்கிடையே அளந்தால் முதல்நிலைத் தடை தெரியும். மீட்டரை 20,000 ஓமுக்கு மாற்றி, தடித்த ஒயர் மாட்டும் நடுக் கோபுரத்துக்கும் சிறு முனை ஒன்றுக்கும் இடையே அளந்தால் இரண்டாம்நிலை தெரியும். சாதாரண உருளைக் காயிலில் இது பெரும்பாலும் 6,000 முதல் 12,000 ஓமுக்குள் அமையும். கடைசியாக, சிறு முனைக்கும் வெளித் தகர உறைக்கும் இடையே மீட்டர் எதுவும் காட்டக் கூடாது. காட்டினால் வேறு காயில் கேளுங்கள். வண்டியில் ஏற்கெனவே உள்ள காயிலை அளப்பதானால் அதன் ஒயர்கள் எல்லாவற்றையும் கழற்றிய பிறகே அளக்க வேண்டும்.

வேலூரில் பழைய கார் உதிரிபாகம் வைத்திருக்கும் கடைகளிலும், அங்கே கிடைக்காவிட்டால் சென்னை புதுப்பேட்டையிலும் அம்பாசடர், பிரீமியர் பத்மினி காலத்துப் பாயிண்ட் கார்களுக்கான 12 வோல்ட் காயில்கள் கிடைக்கும். டிராக்டர் காயில் என்று தேடி அலையத் தேவையில்லை. ஓம் பொருந்தினால் எந்த வண்டியின் பெயர் அச்சாகியிருந்தாலும் பரவாயில்லை. உறையில் வெளி ரெசிஸ்டரோடு பயன்படுத்தச் சொல்லும் ஆங்கில வாசகம் இருந்தால் அது 1.5 ஓம் வகையாக இருக்கக்கூடும். கோபுரத்தில் மயிரிழை விரிசல், உறையும் மூடியும் சேரும் விளிம்பில் எண்ணெய்க் கசிவு, ஆடும் முனை ஆகிய மூன்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். கோபுரத்தில் இரண்டு வகை உண்டு: ஒயர் உள்ளே செருகும் பள்ளம், ஒயரின் தொப்பி மேலே மாட்டும் முளை. உங்கள் டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து வரும் நடு ஒயர் எந்த வகை என்பதைப் பார்த்துவைத்துக்கொண்டு போகாவிட்டால் இன்னொரு முறை பஸ் ஏற வேண்டியிருக்கும்.

எண்ணெய் நிரப்பியதா, ரெசின் வார்த்ததா என்ற கேள்விக்கு என் பதில் வண்டியைப் பொறுத்தது. எண்ணெய்க் காயில் வெப்பத்தை உறைக்குக் கடத்தி ஆறவைப்பதில் நன்று. பாயிண்டோடு நாள் முழுதும் மெதுவாக ஓடும் வண்டிக்கு அதையே தேர்வேன். கோபுரம் மேலே இருக்கும்படி நிறுத்திப் பூட்ட இடமில்லாமல் படுக்கவைத்தோ கவிழ்த்தோ பூட்ட வேண்டியிருந்தாலும், அதிர்வு மிகுதியாக இருந்தாலும் ரெசின் காயில் நல்லது. அதில் கசிய எதுவும் இல்லை.

எர்த் எந்தப் பக்கம்

அந்தக் காலத்து பிரிட்டன் வண்டிகளில் பெரும்பாலானவை பாசிட்டிவ் எர்த். பேட்டரியின் கூட்டல் முனை சேசிஸில் பூட்டப்பட்டிருக்கும். இதைக் கவனிக்காமல் மாட்யூலை இணைத்தால் அது அந்த நொடியிலேயே போய்விடும். பாசிட்டிவ் எர்த்துக்கென்று தனி மாட்யூல் வாங்க வேண்டும், அல்லது வண்டியையே நெகட்டிவ் எர்த்துக்கு மாற்ற வேண்டும். மாற்றினால் டைனமோவின் முனைக் காந்தத்தைப் புதிய திசைக்குத் திருப்புவது, ஆம்பியர் மீட்டர் ஒயர்களை இடம் மாற்றுவது, காயில் ஒயர்களை மாற்றுவது ஆகிய மூன்றும் கூடவே வரும்.

காயிலில் கூட்டல், கழித்தல் குறி இருந்தால் நெகட்டிவ் எர்த் வண்டியில் கூட்டல் முனை சுவிட்சுக்கும் கழித்தல் முனை டிஸ்ட்ரிபியூட்டருக்கும் போக வேண்டும். பாசிட்டிவ் எர்த்தில் இது தலைகீழ். பழைய லூகாஸ் காயில்களில் குறிகளுக்குப் பதில் எஸ்.டபிள்யூ., சி.பி. என்ற எழுத்துகள் இருக்கும். முதலாவது சுவிட்சு, இரண்டாவது பாயிண்ட். அந்த எழுத்துகள் பாசிட்டிவ் எர்த்தை மனத்தில் வைத்துப் போட்டவை என்றால், எர்த் மாற்றிய வண்டியில் அவற்றை மாற்றி இணைக்க வேண்டும். தவறாக இணைத்தாலும் வண்டி ஓடும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல். பிளக்கின் சூடான நடு முனையிலிருந்து எலக்ட்ரான் எளிதாகக் கிளம்பும். திசை மாறினால் குளிர்ந்த வெளி முனையிலிருந்து கிளம்ப வேண்டியிருப்பதால் பொறிக்குக் கணிசமாக அதிக வோல்ட் தேவைப்படும். மண்ணெண்ணெயில் ஓடிப் பிளக்கில் கரி படிந்த வண்டியில் அந்தக் குறை உடனே தெரிந்துவிடும்.

வெயிலும் காயிலும்

வேலூரை வெயிலூர் என்று கேலி செய்வது உண்டு. கத்திரி வெயிலில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், இன்ஜின் ஓரத்தில் இருக்கும் காயில் 85 டிகிரியைத் தொடுவது அரிதல்ல. செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.39 சதவீதம் கூடும். கடையில் 25 டிகிரியில் 3 ஓம் காட்டிய காயில் 85 டிகிரியில் 3.7 ஓம் ஆகிவிடும். மின்னோட்டம் ஐந்தில் ஒரு பங்கு குறையும். காந்தப் புலத்தில் சேரும் ஆற்றல் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் பொறியின் வலுவில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஆகவே, சூட்டைத் தாங்கும் என்று நினைத்து 4 ஓமுக்கு மேல் உள்ள காயிலைத் தேர்ந்தெடுப்பதும் சரியல்ல. பூட்டும் இடத்தை மாற்றுவதே வழி: புகைபோக்கிக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் எதிர்ப் பக்கத்தில், ரேடியேட்டர் விசிறியின் காற்று படும் இடத்தில், உறை முழுவதும் இரும்புப் பட்டையோடு ஒட்டியிருக்குமாறு பூட்டுங்கள். பட்டையை உறை நசுங்கும்படி முறுக்காதீர்கள்.

காலையில் நன்றாக ஓடி, வெயில் ஏறியதும் நின்று, ஒரு டீ குடித்து வருவதற்குள் மறுபடி கிளம்பும் வண்டியைப் பார்த்தால் எல்லாரும் காயிலைத்தான் குற்றம் சொல்வார்கள். "சூடு ஆறினா ஓடுதுன்னா காயில் போச்சுண்ணே" என்று காட்பாடியில் ஒரு எலக்ட்ரீஷியன் எனக்குச் சொன்னார். அவர் சொன்னது பாதி நாள் சரி. பாயிண்டின் முகத்தில் பொறி எழாமல் காக்கும் கண்டன்சர் கெட்டாலும் இதே நோய்தான். டாங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்தாலும் இதே நோய்தான். நின்ற உடனே, ஆறவிடாமல், ஒரு பிளக்கைக் கழற்றி இன்ஜின் மேல் எர்த் படும்படி வைத்துச் சுற்றிப் பாருங்கள். சிந்திய பெட்ரோல் அருகில் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். பொறி நன்றாக இருந்தால் காயிலை விட்டுவிட்டு டாங்க் மூடியைத் திறங்கள்.

பூட்டிய பிறகு

சாவியைத் திறந்து, பாயிண்ட் மூடியிருக்கும் நிலையில் காயிலின் சுவிட்ச் பக்க முனையில் வோல்ட்டேஜை அளங்கள். பேட்டரியில் இருப்பதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் சுவிட்சும் பழைய ஒயரும் தின்கின்றன. புதிய ஒயர் இழுங்கள். 12 வோல்ட் வண்டியில் 6, 7 வோல்ட்தான் வருகிறது என்றால், யாரோ எப்போதோ ஒயருக்குள் ஒரு ரெசிஸ்டரை ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்று பொருள். பாயிண்ட் வண்டியில் கண்டன்சரையும் கூடவே புதிதாகப் போடுங்கள். மாட்யூல் வண்டியில் பிளக்குக்குப் போகும் ஹெச்.டி. (உயர் வோல்ட்) ஒயர் வெறும் செம்புக் கம்பியாக வேண்டாம், அதன் இரைச்சல் மாட்யூலைக் குழப்பும், கார்பன் மைய ஒயர் போடுங்கள்.

அளக்கும் நேரம் தவிர, இன்ஜின் ஓடாமல் சாவியைத் திறந்து வைக்கவே கூடாது. ரேடியோவோ விளக்கோ தேவையென்றால் அதற்குத் தனி சுவிட்ச் வையுங்கள். பாயிண்ட் மூடிய நிலையில் நின்றுவிட்டால் 3 ஓம் காயிலில் 48 வாட் இடைவிடாமல் இறங்கும். எண்ணெய்க் காயில் அரை மணி நேரத்தில் உப்பிப் பிதுங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

அரை மணி நேரம் பாரத்தோடு உழுத பிறகு காயிலைத் தொட்டுப் பாருங்கள். கையை இரண்டு, மூன்று விநாடி வைத்து எடுக்க முடிந்தால் சரி. தொட்டவுடன் கை தானாகப் பின்வாங்கினால் மறுபடி ஓமை அளங்கள், எங்கோ கணக்குத் தவறியிருக்கிறது. அளந்த ஓமையும் தேதியையும் காயில் உறையின் மேலேயே பெயின்ட் பேனாவால் எழுதிவிட்டு, கழற்றிய பழைய காயிலையும் அதேபோல எழுதி டூல் பெட்டியில் போட்டு வையுங்கள். நடு வயலில் நிற்கும்போது எது எத்தனை ஓம் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியிராது.